அவன் நின்ற சுவர்கள்

எங்கள் ஊரில் செத்துப்போன ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்கள். அது என் வேலை.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் போஸ்டர், பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எதற்கும் அடித்துக் கொடுப்பேன் என்றாலும், கடையை ஓட்டுவது கண்ணீர் அஞ்சலிதான். கல்யாணத்துக்கு நல்ல மாதம் பார்க்க வேண்டும். இதற்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆள் போனதும் வீட்டில் போட்டோ தேடுவார்கள். உருப்படியாக ஒன்று இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியில் குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும் படம் வரும். வெறும் மேலோடு ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வரும். தலையை மட்டும் வெட்டி எடுத்து, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உடம்பின் மேல் ஒட்டுவேன்.

அந்த உடம்பு என்னுடையது. கடை ஆரம்பித்த புதிதில், எனக்கு வயிறு என்று தனியாக ஒன்று இல்லாத காலத்தில், நானே சுவரோரம் நின்று எடுத்துக்கொண்ட படம். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் யார் போனாலும் என் சட்டையில்தான் போகிறார்கள். வாசுதேவநல்லூர், ராயகிரி வரைக்கும் என் உடம்பு போயிருக்கிறது. நான்தான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை.

"மேல எமன் குழம்பிப் போவான் வே. 'என்னல இது, ஒரே ஆளு தலைய மாத்தி மாத்தி வாரான்'னு" என்று ஒருவன் சொன்னான். அவனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் ஆட்டோ ஓட்டினான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியைக் கொண்டுவந்து என் கடைக்கு எதிரில் நிறுத்திவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து என் பிழைப்பைக் கெடுப்பான். அழுதுகொண்டு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் இவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டோமே என்று கூடுதலாக அழுவார்கள். கடையின் கண்ணாடிக் கதவுக்கு அடியில் ஏசிக் காற்று கசியும். அதற்காகத்தான் வருகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் பிறந்து ஊரிலேயே வளர்ந்தவன் நான். எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். ஆனால் ஊர் எனக்கு அடிக்கணக்கில்தான் தெரியும். தெற்கு ரத வீதி முனையில் பத்துக்கு ஆறு, வெயில் படாத சுவர். பூ மார்க்கெட் வாசலில் நீளச் சுவர், ஆனால் ஈரம் ஏறும், பசை சீக்கிரம் காயாது. கோயில் கோபுரத்தைப் பார்த்தால்கூட, அதன் மேல் ஒட்ட விடமாட்டார்களே என்றுதான் முதலில் தோன்றும். இப்படி ஒரு கண்.

போன கார்த்திகையில் ஒருநாள் அவன் வழக்கம்போல் படியில் உட்காராமல் உள்ளே வந்தான்.

"வே, நல்லதா ஒரு படம் எடும்."

"எதுக்கு? பொண்ணு பாக்கவா?"

"ஆமா. மேல ஒரு எடம் வந்திருக்கு."

"அப்போ வெள்ளைச் சட்டை போட்டு விட்டுருதேன்."

"ஒம்ம சட்டை வேண்டாம் வே. அதுல எத்தனை பேரு வேர்வை இருக்கோ."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேமராவை அமுக்கிவிட்டேன். காக்கிச் சட்டை, கலைந்த முடி, கடைவாய்ப் பல் வரை தெரிகிற சிரிப்பு. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்துக்கு அப்படி விழும் என்று நினைத்து வெள்ளையாக மாற்றினேன். வேலைப் பழக்கம். மஞ்சள் பல்லை வெள்ளையாக்குவேன், மஞ்சள் வேட்டியை வெள்ளையாக்குவேன், கண்ணை மட்டும் விட்டுவிடுவேனா?

தை பிறந்தபோது அவனுக்கு வயிறு வீங்கிவிட்டது. குடிதான். ஈரல் போய்விட்டது என்றார்கள். ரத்த வாந்தி எடுத்ததும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தேன். மூக்கிலும் வாயிலும் குழாய். அவனிடம் சொல்வதற்கென்று பஸ்ஸில் வரும்போதே இரண்டு ஜோக்கு தயார் செய்து வைத்திருந்தேன். அதை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுச் செயலாளர் கடைக்கு வந்தார். அவரும் எங்களோடு படித்தவர்தான். ஸ்டாண்டில் பதவி வந்த பிறகு பெயரையே எல்லோரும் மறந்து செயலாளர் ஆக்கிவிட்டோம். படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டாக்டரு கையை விரிச்சிட்டாவ. நாளைக்குக் காலைல வண்டியில ஏத்துதாவ. வழியிலயே முடிஞ்சிரும்னு சொல்லித்தான் அனுப்புதாவளாம். போஸ்டர் அடிச்சிரும் வே."

"இன்னும் உயிர் இருக்கே வே."

"வண்டி ஊருக்குள்ள வரும்போது சுவரு வெறிச்சுன்னு கிடந்தா நல்லாவா இருக்கும்?"

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஆள் வந்து சேர்வதற்குள் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். அதுதான் கூட்டாளிகள் செய்கிற மரியாதை. ரயில்வே கேட் ஸ்டாண்டில் ஒருவர் இறந்தபோது போஸ்டர் தாமதமாகி, பிணம் வைத்த சப்பரம் வெறும் சுவர்களுக்கு நடுவே போய்விட்டது. அந்த ஸ்டாண்டுக்காரர்களை இன்னமும் டீக்கடையில் கேலி பேசுவார்கள். செயலாளருக்கு அந்தக் கேலி வந்துவிடக் கூடாது. எனக்கும்தான். உயிர்க் கூட்டாளிக்குப் போஸ்டர் அடிப்பவன் பிந்தினான் என்றால் கடை வைத்து என்ன?

"மறைவு" என்ற இடத்தில் மறுநாள் தேதியைப் போட்டேன். சுவருக்குத் தனியாகவும் ஸ்டாண்டில் உள்ள வண்டிகளுக்குத் தனியாகவும் அச்சடித்துக் கொடுத்தேன். விடியும்போது செயலாளரும் ஸ்டாண்டுக்காரர்களும் மைதாப் பசை காய்ச்சி ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்கள். நான் கடை திறக்க வரும்போது ஷட்டரில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கிற முகத்தோடு கண்ணீர் அஞ்சலி நான் அடித்தது அதுதான் முதல் தடவை. நல்லா வந்திருக்கு என்று என் கை என்னையறியாமல் ஓரத்தை நீவிவிட்டது.

வெயில் ஏறும் முன்னே அவன் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, வீட்டுக்கு வந்துட்டோம். உயிர் இருக்கு."

சந்தோஷம் என்று சொல்லலாமா கூடாதா?

"வண்டிக்குள்ள இருந்து சுவரப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "இவுக இங்க கெடக்காக, வெளிய பாத்தா சுவருக்குச் சுவரு சிரிக்காக. அது போட்டும். பிள்ள மதுரையில பஸ் ஏறிட்டா. மதியத்துக்குள்ள வந்துருவா. மஞ்சக்காமாலை, இப்பம் தேவலைன்னுதான் அவகிட்ட சொல்லியிருக்கேன். அவ சுவத்தப் பாத்துட்டு வீட்டுக்கு வரக் கூடாது அண்ணே. உயிரோட இருக்கவுகள அவ உயிரோட பாக்கணும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மகள் மதுரையில் கல்லூரி விடுதியில் இருக்கிற பிள்ளை. என்னை மாமா என்று கூப்பிடுவாள்.

செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் ஆட்டோவில் ஒரு வாளித் தண்ணீரும் தோசைக் கரண்டியும் கொண்டுவந்தார். கரண்டி அவர் வீட்டுக்காரியுடையது. அன்றைக்கு அவர் வீட்டில் தோசை இல்லை. ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுக் கத்தினார். "ஏலே, ஒங்க வண்டிப் பின்னால ஒட்டினத எல்லாம் இப்பமே கிழிங்க. ஆமாலே, உயிர் இருக்கு. சந்தோஷம்தான், முதல்ல கிழில."

முதலில் என் ஷட்டரைச் சுரண்டினோம். பிறகு பூ மார்க்கெட். விடியற்காலை மல்லிகை மூட்டை ஏற்றுகிற அவசரம் முடிந்து, தரையில் வாடிய பூ மிதிபட்டுக் கிடந்தது. பசை ஈரமாகவே இருந்ததால் போஸ்டர் எளிதாக வரும் என்று நினைத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அடியிலிருந்ததெல்லாம் சேர்ந்து பட்டையாக உரிந்து வந்தது. அவனுக்குக் கீழே ஒரு ரைஸ்மில்காரர். அவருக்குக் கீழே ஒரு வாத்தியார். வாத்தியாருக்குக் கீழே முகம் தெரியாத யாரோ. ஒருவர் மேல் ஒருவராக, அவனைத் தவிர எல்லோரும் என் சட்டையில். வெயிலில் வெளிறி, எலி கொறித்து, என் பட்டன்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. கையில் அது கனத்தது. பேப்பர் இவ்வளவு கனக்குமா?

எதிர்க் கடைக்காரர் பூ கட்டும் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார். "காலைல ஒட்டுதீரு, இப்பம் கிழிக்கீரு. என்னவே, ஆளு திரும்பி வந்துட்டானா?"

"வந்துட்டான்" என்றார் செயலாளர்.

பூக்காரர் நாரை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்தது ஒயின் ஷாப்புக்கு எதிர்ச் சுவர்.

"இங்கனயுமா ஒட்டினீரு?"

"வேற எங்கன ஒட்ட? பாதி ஆயுசு இங்கனதான நின்னான்." செயலாளர் கரண்டியால் அவன் நெற்றியைச் சுரண்டினார். "மறைச்சு ஒட்டினா அது அவனுக்கு ஒட்டுன மாதிரி இருக்காது வே."

அப்போதுதான் கவனித்தேன். போஸ்டர் அடித்த இத்தனை வருஷத்தில், எதற்காக ஒரு சுவரில் ஒட்டுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. காலியாகக் கிடக்கிற சுவரில் ஒட்டுவார்கள், அவ்வளவுதான் என்று இருந்தேன். இவர்கள் சுவரைப் பார்த்து ஒட்டவில்லை. அவன் எங்கே நிற்பானோ அங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்வாசல் சுவருக்கு வந்தபோது எனக்குப் புரியவில்லை. அது சந்து. ஆள் நடமாட்டம் குறைவு. பெரிய சுவர்தான், ஆனால் ஒட்டினால் யார் பார்ப்பார்கள்? இத்தனைக்கும் நான் அந்தச் சந்து வழியாகத்தான் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறேன். வேப்ப மர நிழல் இருக்கும். அவசரத்துக்கு ஒதுங்கியும் இருக்கிறேன், மறைப்பானேன்.

"இங்கன எதுக்கு வே? யாருமே வராத சந்துல்லா."

செயலாளர் தண்ணீரை அள்ளித் தெளித்தார். ஊறட்டும் என்று நின்றார்.

"பிள்ள பொறந்து உடனே தவறிப்போச்சுன்னா இந்த வாசல் வழியாத்தான் வருவாவ. துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு. சின்ன உசுருதான, அதுக்கு எதுக்குப் பெரிய வண்டின்னு ஆட்டோதான் பாப்பாவ. ஸ்டாண்டுல எவனும் போகமாட்டான். நானும் போனதில்ல. வண்டிக்கு ஆகாதும்பாவ. இவன் மட்டும் வந்து நிப்பான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"ஒம்மகிட்ட சொன்னா, அதுக்கும் நீரு ஒண்ணு சொல்லிச் சிரிப்பீரு."

சரிதான். சொல்லியிருப்பேன்.

"ஹாரன் அடிக்க மாட்டான். எந்த ஊருக்குப் போகணும்னாலும் மொதல்ல தறித் தெருவுக்குள்ள வண்டிய விட்டுருவான். எதுக்குன்னு கேட்டேன் ஒருக்கா. 'தறிச் சத்தத்துல அழுதா வெளிய கேக்காதுல்லா. வீட்டுக்குப் போயிட்டா மாமியாக்காரி இருப்பா, கொழுந்தன் இருப்பான், அடக்கிக்கிடணும். இங்கனயே அழுதுட்டுப் போட்டும்'னான். அந்தத் தெருவ ரெண்டு சுத்து பைய சுத்திட்டுத்தான் மேல போவான்."

தறித் தெரு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தடக் தடக் என்று பகல் முழுக்கக் கேட்கும். கரண்ட் போனால் மட்டும்தான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே நினைவுக்கு வரும். அந்தத் தெருவில் ஆட்கள் கத்திக் கத்திப் பேசுவதை வைத்து நான் கட்டிய ஜோக்குகள் கொஞ்சநஞ்சமில்லை. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து யாராவது அழுதுகொண்டு போயிருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

போஸ்டர் முழுதாக வரவில்லை. கண், மூக்கு எல்லாம் போய், சிரிக்கிற வாய் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. செயலாளர் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான்தான் அதைச் சுரண்டினேன்.

வழியில் ஒன்றிரண்டு பேர் எங்கள் ஆட்டோவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்கள். ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். ஊரில் நமக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தறித் தெருவின் கடைசியில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். யார் வீடு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவன் யாருக்காக அந்தத் தெருவில் சைக்கிள் பெல்லைத் தேய்த்தான் என்பது கூடப் படித்த எல்லோருக்கும் தெரியும். வேறு சாதி. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு இந்தத் தெருவிலேயே ஒரு தறிக்காரரோடு கல்யாணமாகி, பேரன் பேத்தி வரைக்கும் வந்தாயிற்று.

"ஒமக்குக் கூறு இருக்கா? அங்கன போயா ஒட்டுவாக?"

"அவனுக்கு அதுவும்தான வே" என்றார்.

போய்ப் பார்த்தால் சுவரில் போஸ்டர் இல்லை. ஈரமான ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் எறும்பு ஊர ஆரம்பித்திருந்தது. கேட்டுக்குள் அந்த அம்மா விளக்குமாற்றோடு நின்றாள். எங்களைப் பார்த்ததும் வாசலைக் கூட்டுவது போல் குனிந்தாள். ஏற்கெனவே கூட்டிய வாசல்.

செயலாளர் தயங்கிவிட்டு, "இல்ல, இங்கன ஒரு நோட்டீஸ்…" என்றார்.

"இங்க ஒண்ணும் ஒட்டலையே" என்றாள். தறிச் சத்தத்தில் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. விளக்குமாற்றைப் பிடித்திருந்த விரல்களில் மைதாப் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஆளு இருக்கான்" என்று நானும் கத்தினேன். "இன்னும் உயிர் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். கூட்டுவதை நிறுத்தவில்லை.

மீதிச் சுவர்களையும் முடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். உள்ளே தூணில் ஒன்று இருந்தது, அதையும் எடுத்தோம். மதுரை பஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டேன். பிள்ளையிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அப்பா நல்லா இருக்காரு என்று சொல்லக் கூடாது. நல்லா இல்லை என்றும் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லக் கூடாது.

பஸ் வந்தது. அவள் தோளில் பையோடு இறங்கினாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். அப்பனின் அதே கடைவாய்ச் சிரிப்பு.

"மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க? நானே நடந்து வந்துருப்பேன்ல."

"சும்மாதான் மக்கா. ஒங்கப்பன் ஸ்டாண்டு வண்டியில ஒருநாளாவது காசு கொடுக்காமப் போகணும்னு ஆசை."

பையை வைக்க ஆட்டோவின் பின்பக்கமாகச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எங்கள் வண்டியின் பின்னால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

எல்லா வண்டிக்கும் போன் போட்டுக் கத்தியவர், தன் வண்டியை மறந்துவிட்டார். காலையிலிருந்து ஊர் முழுக்கச் சுவர் சுவராகச் சுரண்டிக்கொண்டு, அவனைப் பின்னால் ஒட்டிக்கொண்டே சுற்றியிருக்கிறோம். அந்தப் பெரியவர் கும்பிட்டது எனக்கில்லை.

அவள் தேதியைப் படித்தாள். இன்றைய தேதி.

"மக்கா, அப்பா இருக்காரு. இது தப்பா ஒட்டினது. நெசமாத்தான் சொல்லுதேன், உயிரோட இருக்காரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவளிடம் நான் பேசியதெல்லாம் என்ன? யானைக்கு மீசை முளைத்தது, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அம்மன் ஆட்டோவில் வந்தது, அவள் அப்பனுக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூற்றிரண்டு கிடைத்தது. சொன்னதெல்லாம் பொய். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்ட பிள்ளை. முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், அவள் நம்பவில்லை. என் அம்மா மேல் சத்தியம் செய்தேன். கோமதியம்மன் மேல் சத்தியம் செய்தேன். செயலாளர் போஸ்டரைக் கிழிக்கிறேன் என்று நகத்தால் பிறாண்டினார். வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது, வரவில்லை.

அவளே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். "அப்பா பக்கத்துல வை" என்று மட்டும் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. இழுத்து, தொண்டையில் கரகரத்து, நின்று, இனி இல்லையோ என்று நினைக்கும்போது மறுபடியும் இழுத்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அழவில்லை.

வண்டி கிளம்பியது. சுரண்டிய சுவர்களில் ஈரம் இன்னும் காயவில்லை. நாங்கள் கவனமாகத் துடைத்த இடங்கள்தான் இப்போது பளிச்சென்று தெரிந்தன. அவள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அங்கயும் ஒட்டிருந்தீங்களா மாமா?"

"ஆமா மக்கா."

"இந்தச் சந்துல எதுக்கு?"

சொன்னேன். ஆஸ்பத்திரிப் பின்வாசல் கதையை, செயலாளர் எனக்குச் சொன்னது போலவே சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒயின் ஷாப் சுவரைத் தாண்டும்போது அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வீட்டுக்கு நேரே போகிற திருப்பத்தில் செயலாளர் வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். சுற்று வழி வே, நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தறிச் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவர் அந்தச் சவாரிக்கு ஒருநாளும் போகாதவர். பைய ஓட்டினார். ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் அவள் வாயைத் திறந்திருப்பது தெரிந்தது, தோள் குலுங்குவது தெரிந்தது. சத்தம் எனக்கே கேட்கவில்லை. நானும் எதையோ சொன்னேன் என்று நினைக்கிறேன், அதுவும் கேட்கவில்லை.

தெரு முடியும்போது முந்தானையைப் போல் துப்பட்டாவை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போகும்போது கண் காய்ந்திருந்தது.

அவனைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். நோய் தீரும் என்று வயிற்றில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தாள் அவன் மனைவி. மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வெடிப்பு விரிந்தது, மூடியது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அவன் கண்ணைத் திறந்தான். மஞ்சள். டியூப் லைட் வெளிச்சம் இல்லை அது, பட்டப்பகல். அவளைப் பார்த்தானா, தெரிந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் தெரிந்தது என்று சொல்கிறாள். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் முற்பகலில் மண்ணின் வெடிப்பு அசையாமல் நின்றது.

கடைக்கு வந்து பைலைத் திறந்தேன். தேதியில் ஒரு நாள் மாற்றினால் போதும். மாற்றிவிட்டு, கார்த்திகையில் எடுத்த பழைய படத்தைத் தேடித் திறந்தேன். மஞ்சள் அப்படியே இருந்தது. அவன் அதை எனக்குக் காட்டத்தான் வந்தானா, சும்மா படம் எடுக்க வந்தானா, கண்ணாடிக் கதவுக்கடியில் தினமும் ஏசிக் காற்றுக்குத்தான் உட்கார்ந்தானா? கேட்க ஆள் இல்லை. வெள்ளைக் கண்ணோடேயே அச்சடித்தேன்.

"எங்கன ஒட்ட மக்கா?" என்று செயலாளர் பிள்ளையைக் கேட்டார்.

"அதே எடத்துல" என்றாள்.

அதே இடங்களில் ஒட்டினார்கள். தறித் தெருக் கடைசி வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். சப்பரம் அந்த வழியாகப் போனபோது அந்த வீட்டுக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம், எத்தனை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், "அவுக எங்கன நிப்பாக?" என்று கேட்டுவிடுகிறேன். கிறுக்கனைப் போல் பார்க்கிறார்கள். பிறகு சொல்கிறார்கள். பள்ளிக்கூட வாசல், புரோட்டாக் கடை, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுத் திருப்பம். போன வாரம் ஒரு பையன், சென்னையில் நல்ல வேலையில் இருப்பவன், அப்பாவுக்காக வந்தான். ரொம்ப நேரம் யோசித்தான். போனை எடுத்து யாரையாவது கேட்கலாமா என்று பார்த்தான். கடைசியில், "பெரிய சுவரா பாத்து ஒட்டிருங்க அண்ணாச்சி" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டு வெள்ளைச் சட்டையைத் தேடினேன்.

எனக்கு எங்கே ஒட்டுவார்கள் என்று யோசித்தும் பார்த்தேன். என் ஷட்டரைத் தவிர வேறு இடம் தோன்றவில்லை. செலவு மிச்சம். உடம்பும் சட்டையும் தயாராக இருக்கிறது, தலை மட்டும்தான் பாக்கி. ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு நானே என்னைப் படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும், பந்தியில் அப்பளம் நொறுக்குகிறவரைப் போலவே விழுந்திருக்கிறேன். சிரித்தால் நன்றாக வரும். அதற்கு யாராவது படியில் உட்கார்ந்து ஏதாவது சொல்ல வேண்டும்.